ஏழாம் நம்பர் நாக்கு

மிஷின்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெருவில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மிஷின் ரிப்பேர். விரலில் எண்ணெய்க் கறை இல்லாமல் நின்றால் சொந்த மனைவியே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

தைக்கிறவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. அடியில் பாபின் நூல் தீர்ந்துபோனது தெரியாமல் மிதித்துக்கொண்டே போவார்கள். எடுத்துப் பார்த்தால் துணியில் வெறும் ஓட்டை. இதற்கு மிஷின்காரர் ஒரு கருவி செய்தார். நூல் தீர்ந்ததும் உள்ளே ஒரு சின்ன நாக்கு விழும், மணி அடிக்கும். செய்தது தான்தான் என்று தெரு முழுக்க அவரே சொல்லிவிட்டார். கடை வாசலில் 'கண்டுபிடிப்பாளர்' என்று போர்டுகூட மாட்டியாயிற்று.

மிச்சமிருந்தது பேட்டன்ட். விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்ட் அம்மா படத்தை விரித்து, நம்பர் போட்ட பாகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறு வரைக்கும் இவர் சிங்கம்.

"ஏழு?"

"அது நாக்குங்க."

"எதுல செஞ்சது?"

"என் கால்ல."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் கால் ஒடைஞ்சப்ப எடுத்த எக்ஸ்ரேங்க. அந்த ஃபிலிமை வெட்டினது."

"சரி. ஏன் கம்பி வைக்கல? நுனி ஏன் சாய்வா இருக்கு?"

"அழகுக்குங்க."

"அழகுக்குன்னு எழுதினா ஆபீஸ்ல சிரிப்பாங்க சார். படிக்கிறவங்க இதைப் பாத்து அப்படியே திரும்பச் செய்யணும். காரணம் சொல்லுங்க."

காரணம் அவருக்குத் தெரியாது. எட்டு மாசம் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு மதியம் வாயைப் பிளந்து தூங்கிப் போனார். எழுந்து பார்த்தால் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாக்கை வெட்டி வைத்தது, பக்கத்து மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த மனைவி.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"கம்பி நூலை அறுக்குதுங்க. சாய்வா இருந்தா தூசி சரிஞ்சு விழுந்துடும். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா."

உள்ளே வந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். எத்தனை டிகிரி சாய்வு என்றார் அந்த அம்மா. மறுபடி பாத்ரூம். பழைய ஃபிலிம்தான் வேண்டுமா, புதுசு ஆகாதா என்றார். மறுபடி எழுந்தார்.

"வயித்துக்கு ஏதாவது பண்ணுதா சார்?" என்றார் அந்த அம்மா, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். "இல்லேன்னா போனை இங்கயே ஸ்பீக்கர்ல போடுங்க."

காது சுட்டது. போட்டார். மனைவி கால் மணி நேரம் விளக்கினார், நடுவில் வாடிக்கையாளர் ஒருவரையும் அதட்டிக்கொண்டு. அந்த அம்மாவின் பேனா நிற்கவேயில்லை. கடைசியில், "உங்க பேரு சொல்லுங்கம்மா. கண்டுபிடிச்சவங்கன்னு ஃபாரத்துல வரணும்."

ஃபாரத்தில் அதற்கான கட்டத்துக்குள் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. காலையிலேயே, கொட்டை எழுத்தில், இவர் எழுதியது.

"என் பேரா? வேணாங்க" என்றது போன். "அவரு ஆசையா போர்டெல்லாம் எழுதிட்டாரு. பாவம்."

இவர் எண்ணெய் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். பாவம் என்றதற்கு என்ன செய்வது?

"நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். "பேரைச் சொல்லு."

அந்த அம்மா வேறு ஃபாரம் எடுத்தார். முதல் வரி மனைவிக்கு, இரண்டாவது இவருக்கு. விண்ணப்பம் போயிற்று.

கடைக்கு வந்ததும் போர்டை எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி மாட்டினார். மனைவி தைத்துக்கொண்டே பார்த்தார்.

"ஏன் திரும்பியிருக்கு?"

"பெயின்ட் காயல."

"எழுதி மூணு மாசமாச்சு."

மிஷின்காரர் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே எண்ணெய் போட்ட மிஷினுக்கு மறுபடி எண்ணெய் போட ஆரம்பித்தார்.