தராசுக் கம்பெனியின் ரகசியம்

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மின்தராசை லினக்ஸ் கணினியோடு இணைக்க, போன சீசனில் தராசு என்ன அனுப்புகிறது என்று விளக்கும் டாக்குமெண்டைத் தராசுக் கம்பெனியிடம் கேட்டேன்.

"அது கம்பெனி ரகசியம் சார்" என்றார் மேனேஜர். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட ஓர் ஒப்பந்தமும் அனுப்பினார். போட்டால், எழுதும் நிரலை எல்லாரும் பார்க்கும்படி ஓப்பன் சோர்ஸில் எப்படி வெளியிடுவது?

போடவில்லை. தராசு அனுப்புவதை நானே கவனித்துக் கவனித்து, கணினிக்கு அதைப் புரியவைக்கும் டிரைவர் நிரலை எழுதி இணையத்தில் போட்டேன்.

இன்று கடையில் நிற்கும்போது அதே மேனேஜர் போன் செய்தார்.

"சார், கஸ்டமர் எல்லாம் லினக்ஸ் கேக்கறாங்க. எங்க தராசு என்ன அனுப்புதுன்னு கொஞ்சம் எழுதித் தர முடியுமா? எங்ககிட்ட டாக்குமெண்டே கிடையாது."

ஸ்பீக்கரில் கேட்ட அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, காலிப் பெட்டிக்கா இம்புட்டு நாளும் பூட்டுப் போட்டு வச்சிருந்தான்?"

அன்று அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தையே, பெயர்களை மட்டும் இடம் மாற்றி அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடுவார்கள் என்கிறீர்களா?