ஒரு நூல் இறங்கிய கொடி

என் மேசையில் ஒரு பழைய தீப்பெட்டி இருக்கிறது. லேபிளில் முன்னால் ஒரு சின்னப் பிரெஞ்சுக் கப்பல், பின்னால் பெரிய ஆங்கிலேய வணிகக் கப்பல். பெரியதன் கொடி கம்பத்தில் சற்றே இறங்கியிருக்கிறது. கடலில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாக அர்த்தம். கோவில்பட்டியில் ஏது கடல்? கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்தான். ஆனாலும் அதை வரைந்தவன் நான். வரையச் சொன்னவர் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியம்மா.

அவர் புதுச்சேரியில் படித்தவர். பாய்மரக் காலத்தில் பிரெஞ்சு அரசின் அனுமதிப் பத்திரத்தோடு தனியார் கப்பல்கள் ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல்களைப் பிடித்த கதைகளில் அங்கேயே மயங்கிவிட்டார். சரக்குக் கப்பல் வைக்கோல் லாரி மாதிரி அசைந்து வரும். இந்தத் தனியார் கப்பல்காரர்கள் காற்றைப் பிடித்து விரட்டி வந்து மடக்கிவிடுவார்கள். பிடித்ததில் பங்கு உண்டு என்பதால் இவர்களும் உத்தமர்கள் இல்லை. அதைச் சொன்னதற்கு முதலாளியம்மா சிரித்தார். "கொள்ளைக்காரன்னு சொன்னது யாரு அண்ணாச்சி? கயத்தாத்துல நம்மாளத் தூக்குல போட்டானே, அவந்தான?" அன்றே கப்பல்களை வரைய உட்கார்ந்தேன்.

ஒருநாள் பெரிய கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் வந்தார். இனி எங்கள் கம்பெனி லேபிளை ஒட்டி எங்களுக்கே கொடுங்கள், மறுத்தால் மொத்த வியாபாரக் கடைக்காரர்கள் உங்கள் பெட்டியைத் தொடமாட்டார்கள் என்றார். பெட்டி அடைக்கும் பெண்களின் பிழைப்பே அதில் தொங்கியது. முதலாளியம்மா அவருக்குக் காபி கொடுத்தார். "என் குச்சி என் பேர்லதான் எரியும். நீங்க போயிட்டு வாங்க." ஏஜென்ட் வாசல் தாண்டுமுன் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கொடிய இன்னும் ஒரு நூலு எறக்கி வரைங்க அண்ணாச்சி."

சொன்னபடியே மொத்தக் கடைகள் கைவிட்டன. முதலாளியம்மா அசரவில்லை. வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கயத்தாற்றில் லாரிகள் நிற்கும் டீக்கடைகள், நாகலாபுரத்துப் பெட்டிக்கடைகள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகும் கம்பெனிக்காரர்கள் விடாமல் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் வெறுங்கையோடு போனதும் லேபிளில் கொடி ஒரு நூலளவு இறங்கியது.

அவர் காலமான பிறகு மகள் ஆபீஸை நடத்துகிறாள். அம்மா இல்லை என்ற தைரியத்தில், போன வாரம் அதே கம்பெனி லேபிளையே விலைக்குக் கேட்டு வந்தது. மாலையில் போன் வந்தது.

"மாமா, வந்தவிய காபி குடிச்சிட்டுப் போயாச்சி. அம்மா சொல்லுத மாதிரி ஒரு நூலு எறக்கிருங்க."

மேசையில் இருக்கும் முதல் பெட்டியின் பக்கத்தில் கடைசியாக வரைந்த படத்தை எடுத்து வைத்தேன். அதில் கொடி கப்பலின் விளிம்பைத் தாண்டித் தொங்கி, அலையின் நுனிக்கே வந்திருந்தது. இனி இறங்க இடமில்லை. தூரிகையை எடுத்து, கொடியைக் கடலில் நனைத்துவிட்டேன்.