காலண்டரில் எனக்கு ஏறிய சதை

1. முதல் ஓட்டம்

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். புதிதாகச் சேருகிற பிள்ளைகள், "நீங்க எப்படி மேடம் மேனேஜர் ஆனீக?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் மரியாதை இருக்கிறது. கண் மட்டும் என் மணிக்கட்டில் இருக்கிறது. இந்தக் குச்சிக் கையை வைத்துக்கொண்டு எப்படி என்பதுதான் அவர்கள் கேட்க நினைப்பது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்தேன். டாக்டர் யாரும் சொல்லவில்லை. பகல் முழுக்க மிஷின் சத்தத்தில், "செல்வியக்கா, செல்வியக்கா" என்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் போனால் அங்கேயும் கூப்பிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கிறவளை நிறுத்தி யாரும் வேலை சொல்ல முடியாது. அந்த ஆசையில் ஆரம்பித்ததுதான்.

முதல் நாள் விஸ்வநத்தம் ரோட்டில் ஓடினேன். அது தப்பு. எங்கள் பக்கம் காலை நேரத்தில் ஒரு பொம்பளை வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாசை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"ஏத்தா, எந்தக் கம்பெனி?"

"கம்பெனியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா? சும்மா எதுக்கு ஓடுற?"

பக்கத்தில் தூக்குச்சட்டியோடு வேனுக்கு நின்ற ஒரு அம்மா அதற்குள் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிற தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அவர் போனை எடுத்து, இங்கே ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு மூச்சே வந்தது. அப்புறம் என்னைத் திட்டினார் பாருங்கள், இங்கே எழுத முடியாது. திட்டு வாங்க வேண்டியவள்தான் நான். மறுநாளிலிருந்து ஆனைக்குட்டம் டேம் ரோட்டுக்கு மாறிவிட்டேன். அங்கே மாடுகள் மட்டும் பார்க்கும். அவை ஒன்றும் கேட்காது.

2. "சுகரா?"

தூரம் கூடக் கூட உடம்பு வற்றியது. முகம் ஒட்டியது, கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. அதோடு என் உடம்பு ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

"சுகரா?" என்று கேட்டவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். சுகர் இல்லை என்றால் தைராய்டு. அதுவும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்பார்கள். பைண்டிங் செக்‌ஷனில் ஒரு அக்கா, காத்துக் கருப்பாக இருக்கும், ஏர்வாடி தர்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வா என்றார். கேன்டீன் மாஸ்டர் நான் கேட்காமலே இரண்டாவது கரண்டி சோறு வைப்பார். நான் அதையும் சாப்பிட்டுவிடுவேன், நீளமாக ஓடுகிற நாட்களில் மூன்றாவது கரண்டியும் உள்ளே போகும். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பாவம் என் மாமியார்தான். என் வீட்டுக்காரர் நல்ல பருமன். நாங்கள் இரண்டு பேரும் ஜோடியாக ஒரு கல்யாண வீட்டுக்குப் போனபோது, சொந்தக்கார அம்மா ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "மருமக சோத்தையும் மகனுக்கே போடுதீகளா மதினி?" அத்தை அன்று பந்தியில் உட்காரவே இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "ஏத்தா, நீ ஓடு, வேண்டாங்கல. ஆனா நாலு பேரு பாக்கற மாதிரி சாப்புடு" என்றார். அதன்பிறகு கொஞ்ச நாள் வாசல்படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

3. மேனேஜருக்கு வேண்டிய இது

எங்கள் பழைய மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஓய்வு பெறும் நேரம் வந்தது. அவர் வயிறு முதலில் மிஷின் ரூமுக்குள் வரும், அவர் பின்னால் வருவார். நல்ல மனிதர். கடைசி இரண்டு வருசம் அவர் வேலையில் பாதியை நான்தான் பார்த்தேன், அதை அவரே வெளியில் சொல்வார். நான் அப்போது குவாலிட்டி சூப்பர்வைசர். அடுத்த மேனேஜர் நான்தான் என்று பிரஸ்ஸில் எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலையில உன்னய ஒரு குத்தம் சொல்ல முடியாதும்மா செல்வி. ஆனா மேனேஜர்னா பாத்த ஒடனே ஒரு இது வேணும்ல? வெளியூரு ஏஜென்டு வந்து பாத்தா என்ன நெனைப்பான்? இந்தக் கம்பெனில மேனேஜருக்கே சோறு இல்ல போலன்னு நெனைக்க மாட்டானா?"

"நல்லாத்தான் இருக்கேன் மொதலாளி. போன மாசம் மாரத்தான்ல நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கேன்."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன். கொஞ்சம் நிப்பாட்டிட்டு உடம்பத் தேத்து. ஆடி கழிச்சுப் பேசுவோம்."

சங்கரலிங்கம் அண்ணாச்சி மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு இருப்பது ஆகிருதி. எனக்கு இருப்பது சீக்கு. அன்று பாத்ரூமில் போய் அழுதேன். அத்தனையும் ஆத்திரத்தில் வந்த அழுகை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பருமனாக இருக்கிறவர்களை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மாரத்தானில் கிளம்பும்போது என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைப் போல இரண்டு மடங்கு இருந்தார். இவர் எங்கே முடிக்கப்போகிறார் என்று நானும்தான் நினைத்தேன். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நான் நொண்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தாண்டிப் போனார், போகும்போது ஒரு கடலைமிட்டாயும் கொடுத்தார். ஆளைப் பார்த்து எடை போடுகிற வியாதி எனக்கும் இருந்தது.

4. பஷீர் பாய் கைவண்ணம்

எங்கள் ஊரில் அடுத்த வருசக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். எல்லா டிசைனும் அதில் இருக்கும். ஏஜென்டுகள் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். முருகன், லட்சுமி, கொழுகொழு குழந்தை, அருவி. இவை எந்த வருசமும் மாறாது.

அந்த வருசம் முதலாளிக்கு ஒரு யோசனை. "சாதனைப் பெண்" என்று ஒரு டிசைன் போட்டால் பெண்கள் பள்ளிக்கூடம், பேங்க் எல்லாம் வாங்கும் என்று நினைத்தார். வெளியில் தேடுவானேன், நம் செல்வியே இருக்கிறாளே என்று நான் மாரத்தானை முடிக்கும்போது எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கினார். எனக்குச் சந்தோசம்தான். கழுத்து நரம்பு புடைத்து, தலைமுடி கலைந்து, வாயைப் பிளந்துகொண்டு இருப்பேன் அதில். எனக்குப் பிடித்த போட்டோ.

அது நேராகக் கம்ப்யூட்டர் டிசைனர் பஷீர் பாயிடம் போயிருக்கிறது. லட்சுமி கன்னத்துக்கு ரோஸ் போடுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. முதலாளி அவரிடம் சொன்னதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்: "பஷீரு, வருசம் பூரா வீட்ல தொங்குற படம்ப்பா. பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி இருக்கா. கொஞ்சம் சதை போடு. செல்வி கிட்ட சொல்லாத, பாத்தா சந்தோசப்படுவா."

5. ஓகே ஷீட்

மிஷினில் ஒரு வேலை ஏறினால், கலர் செட் ஆனதும் முதல் நல்ல ஷீட்டை எடுத்து, முதலாளி முன்கூட்டியே பார்த்துக் கையெழுத்துப் போட்ட மாதிரிப் பிரதியோடு, அதாவது ப்ரூப்போடு, ஒப்பிட்டுப் பார்ப்போம். சரியாக இருந்தால் சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் ஓகே ஷீட். அதன்பிறகுதான் மிஷின் முழு வேகத்தில் ஓடும். அப்புறம் என்ன தப்பு வந்தாலும் கையெழுத்துப் போட்டவர் தலையில்.

ஜவுளிக்கடைக் காலண்டருக்கு மட்டும் இன்னொரு சட்டம் உண்டு, அதுவும் முதலாளி வைத்ததுதான். ஒரு தடவை மாம்பழக் கலர் பட்டுச்சேலை எலுமிச்சம் சாதம் மாதிரி விழுந்து, முழு லோடும் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து, ப்ரூப்பை மட்டும் நம்பக் கூடாது, சேலையையே பக்கத்தில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"சாதனைப் பெண்" மிஷினில் ஏறிய அன்று மிஷின்மேன் முருகேசன் ஷீட்டை எடுத்து வந்து டேபிள் லைட்டுக்குக் கீழே விரித்தான். "அக்கா, ப்ரூப்புக்கு அப்படியே மேட்ச் ஆகுது. கையெழுத்துப் போடுங்க." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஷீட்டில் ஒரு பொம்பளை இருந்தாள். பன் மாதிரி கன்னம், கழுத்தில் இரண்டு மடிப்பு, புஷ்டியான கை. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது. என் ஜெர்சி, என் நம்பர், என் பெயர். கல்யாணச் சாப்பாடு முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க வருகிறவள் மாதிரி இருந்தாள்.

"மிஷின நிறுத்துடா" என்றேன்.

சீசன் நேரத்தில் மிஷின் சத்தம் நின்றால் முதலாளிக்கு மாடியிலேயே தெரிந்துவிடும். இறங்கி வந்துவிட்டார். பின்னாலேயே பஷீர் பாய்.

"என்னம்மா, கலரு தூக்கலாயிருச்சா?"

"கலரு சரியா இருக்கு மொதலாளி. ஆளுதான் தப்பு."

"ப்ரூப்புல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?"

"சேலைன்னா ஒரிஜினல வச்சுப் பாக்கணும்னு நீங்கதான சொல்லியிருக்கீக? இதுக்கு ஒரிஜினல் நாந்தான். இங்கன நிக்கேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

சுடிதார்க் கையை மடித்துவிட்டு, என் கையை ஷீட்டில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாற்காலி போய்விட்டது என்று முடிவே பண்ணிவிட்டேன். முருகேசன் பயத்திலோ பழக்கத்திலோ அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்து முதலாளி கையில் கொடுத்தான். அவரும் பழக்கத்தில் வாங்கிக் குனிந்து பார்த்தார். ஷீட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்ப ஷீட்டைப் பார்த்தார்.

"நல்லாத்தானம்மா இருக்கு. லட்சணமா இருக்கே."

"லட்சணமாத்தான் இருக்கா மொதலாளி. ஆனா அது நான் இல்ல. அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வாங்க, மேனேஜர் வேலையயும் அவளுக்கே குடுங்க. இந்த ஷீட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பஷீர் பாய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி லென்ஸை டேபிளில் வைத்தார்.

"ஒரிஜினலுக்கு மேட்ச் இல்ல" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஏலே முருகேசா, பிளேட்ட எறக்கு. பஷீரு, பழைய போட்டோவ அப்படியே போடு." பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஒரு செட்டு பிளேட்டு வேஸ்டு. அம்புட்டும் உன்னால!"

படி ஏறப் போனவர் நின்றார். "மத்தியானம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மொதலாளி."

"பொய் சொல்லாத" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

6. ஆடிப் பதினெட்டு

ஆல்பத்தில் என் படம் நரம்போடும் வேர்வையோடும் அப்படியே வந்தது. ஆர்டரா? அதைக் கேட்காதீர்கள். குழந்தைக்கும் முருகனுக்கும் வழக்கம்போல அள்ளியது. என் பக்கத்தைப் புரட்டிய ஒரு ஏஜென்ட், "அண்ணாச்சி, இது எந்த ஆஸ்பத்திரிக்கு அடிச்சது?" என்று முதலாளியிடம் கேட்டார். ஆல்பத்தை எடுத்து அவர் தலையில் போடலாம் போல இருந்தது. பூஜை நாள் என்பதால் விட்டுவிட்டேன்.

அந்த ஆளே கொஞ்ச நேரம் கழித்து, "சங்கரலிங்கம் போயிட்டாராமே, புது மேனேஜரு யாரு? ஆளக் காணோமே?" என்று என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துத் தேடினார்.

முதலாளி தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரின்னு கேட்டீகள்ல, அந்தப் படத்துல இருக்கவதான். சீசன்ல என் மிஷின நிறுத்துறதுக்கு சங்கரலிங்கத்துக்கே தைரியம் வராது. ஒரிஜினல் ஒங்க முன்னாலதான் நிக்குது, பாத்துக்கிடுங்க."

எனக்கு அப்போதுதான் தெரியும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். கண் கலங்கியதை மறைக்கச் சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஆல்பத்தில் இருந்த சாம்பிள் காலண்டர் ஒன்றை அத்தை வாங்கி, வாசலில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டினார். யார் வந்தாலும், "பாருங்க, ஓடித்தான் இப்படி இருக்கா, படத்துலயே போட்டிருக்கு. எங்க வீட்ல சோத்துக்குக் குறைச்சல் இல்ல" என்பார். அந்த வருசம் முடிந்தும் அதை இறக்கவில்லை.

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் நாற்காலியைத்தான் இன்னமும் வைத்திருக்கிறேன். அதில் என் பக்கத்திலேயே இன்னொரு ஆள் உட்காரலாம், அந்த இடத்தில் பைல் வைத்திருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ப்ரூப்பில் எவ்வளவு பெரிய ஆள் கையெழுத்து இருந்தாலும் சரி, ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஓகே ஷீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரிஜினல் நீங்களாகவே இருந்தால் மிஷினை நிறுத்துங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் போய்ச் சாப்பிடுங்கள்.