மகள் மொழிபெயர்த்த பிரமிட்

என் மகள் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்தாள். அந்த மூன்று வருடமும், இதைப் படித்துவிட்டு நாங்கள் இருக்கும் இந்த ஸ்காபரோவில் யாரோடு பேசப்போகிறாய் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, முதல் விடுமுறை வந்தபோது, "அம்மா, நீங்களும் நானும் மெக்சிக்கோ போவம்" என்றாள். எங்களுடைய ஆட்கள் மெக்சிக்கோ என்றால் கடற்கரை விடுதியில் ஒரு கிழமை படுத்துக்கிடந்து, வேண்டிய மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஓம் என்றேன். அவள் மனதில் இருந்தது பிரமிட்.

மெக்சிக்கோ நகரத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் தியோத்திவாக்கான் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. பஸ்ஸில் கூட்டத்தோடு போனால் அம்மாவுக்கு முழங்கால் நோகும், ஆறுதலாகப் பார்க்க முடியாது என்று, எங்கள் இருவருக்கு மட்டுமாக ஒரு காரும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியும் மகள் ஒழுங்கு செய்திருந்தாள்.

காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் வந்து நின்ற காரிலிருந்து, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினார். என்னுடைய வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக் குலுக்கியபடி நீளமாக ஏதோ சொன்னார். "சொறி" என்ற ஒரு ஆங்கிலச் சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"வரவேண்டிய கைட்டுக்குச் சுகமில்லையாம். அவருக்குப் பதிலா இவாவை அனுப்பியிருக்கினம். இவாவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான் வருமாம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நான் சொல்லுறன், அம்மா. டோன்ட் வொரி."

இதில் நான் ஏன் கவலைப்பட்டேன் என்பது விளங்க, என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் உரைபெயர்ப்பாளர். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, தொலைபேசி என்று கூப்பிடும் இடமெல்லாம் போய், தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் சொல்வதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. அந்த வேலையில் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. சொல்வதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'இவருக்கு நெஞ்சு நோகுதாம்' என்று சொன்னால் பிழை. 'எனக்கு நெஞ்சு நோகுது' என்று, நம்முடைய நெஞ்சே நோவதுபோலச் சொல்ல வேண்டும்.

இப்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுநாளுக்கு, எனக்கே ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

தொடக்கம் சரியாக அமையவில்லை. காரை நிறுத்திவிட்டு நடந்தபோது, சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூஞ்சைபோன்ற ஒன்றை வழிகாட்டி விரலால் எடுத்தார். அதற்குள் கடுகளவு பூச்சி. உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை முழுக்கச் சிவப்பு. குங்குமத்தைக் குழைத்ததுபோல அப்படியொரு சிவப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவர் பேசிக்கொண்டே போனார். கடைசியில் மகள் திரும்பி, "துணி டை பண்ணுற சாயமாம்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"பேசிக்கலி, ஓம்."

சூரியப் பிரமிட்டின் முன்னாலும் இதே கதை. அது ஒரு மலையைப் படிபடியாகச் சீவி வைத்ததுபோல எங்களுக்கு முன்னால் எழுந்து நின்றது. அடியில் நின்று பார்த்தால் உச்சி தெரியாது. வழிகாட்டி ஐந்து நிமிடம் பேசினார். நடுவில் ஓரிடத்தில் தானே சிரித்துவிட்டுக் கையால் மேலே காட்டினார். மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சரியான பழசாம். ஆர் கட்டினதெண்டு தெரியாதாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, அவ அஞ்சு நிமிசம் கதைச்சவ."

"அம்மா, இது கோட் இல்லை, விசாரணையும் இல்லை."

"கோட்டோ இல்லையோ, அவ நடுவில சிரிச்சவ. ஏன் சிரிச்சவ? எனக்கு அது தெரியவேணும்."

மகள் கண்ணை ஒருதரம் உருட்டினாள். ஆனாலும் போய்க் கேட்டாள். வழிகாட்டி மறுபடியும் சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்க, இந்தத் தடவை மகள் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நான் பிறந்த ஊர் இந்த வேலிக்கு அங்கால. சின்னப்பிள்ளையா இருக்கேக்க நானும் என்ர தம்பிமாரும் பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சு இதில ஏறுவம். உச்சியில இருந்துதான் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிடுவம். ஒருநாள் என்ர டீச்சர் வெளியூர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு மேல வந்திட்டா. நான் கல்லுக்குப் பின்னால ஒளிச்சன். தம்பிமார் காட்டிக் குடுத்திட்டாங்கள். இப்ப ஒருத்தரையும் ஏற விடுறேல்லை."

நான் சிரித்தேன். வழிகாட்டியும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னதற்கு அவரிடமே நேராகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் என் மனம் வேறொன்றில் நின்றது. மகள் 'நான்' என்று சொன்னாள். 'இவாவின்ர ஊர்', 'இவா ஒளிச்சவவாம்' என்று சொல்லவில்லை. இந்த முறையைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழக்க மாதக்கணக்கு எடுக்கும்.

"உதை எங்க பழகினனீ?" என்று கேட்டேன்.

"உங்களிட்டத்தான்."

"நான் எப்ப சொல்லித்தந்தனான்?"

அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள். வழிகாட்டி முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார்.

அதன்பின் நான் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. சுவர்க் கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் சில இடங்களில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அது அழகுக்கா என்று கேட்டேன். இல்லையாம். திருத்திக் கட்டியவர்கள் வைத்த அடையாளமாம். கூழாங்கல் உள்ள பகுதி நம்முடைய காலத்தில் கட்டியது, இல்லாத பகுதி அந்தக் காலத்துக் கட்டடம். பார்க்கிறவர் ஏமாறக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதன்பிறகு நான் பிரமிட்டைப் பார்த்ததைவிடச் சுவரில் கூழாங்கல் தேடியதுதான் அதிகம்.

நகரத்தின் பெயரையும் கேட்டேன். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, எல்லாம் இடிந்து கிடந்தபோது வந்தவர்கள் வைத்த பெயர்தான் இப்போது சொல்வது. இங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் நகரத்தை எப்படி அழைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

கடைசியாக, பிரமிட்டுகளிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு பழைய வீட்டுத் தொகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆட்களே இல்லை. கூரை போட்ட ஒரு சின்ன அறைச் சுவரில் செம்மண் நிறப் பின்னணியில் விரலளவு மனிதர்கள். ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், வண்ணத்துப்பூச்சி பிடிக்கிறார்கள். பலருடைய வாயிலிருந்து, கேள்விக்குறியைப்போல வளைந்த ஒரு சுருள் வெளியே வந்துகொண்டிருந்தது.

"உது என்ன, புகையா?"

மகள் கேட்டுச் சொன்னாள். "பேச்சு. வாயில இருந்து சுருள் வந்தா அவர் கதைக்கிறார் எண்டு அர்த்தம்."

நான் சுவருக்குக் கிட்டப் போனேன். ஒரு மூலையில் ஒரு மனிதன் தனியாக, கையில் ஒரு மரக்கொப்போடு நின்றான். அவன் கன்னத்தில் கண்ணீர்த் துளிகள். மற்றவர்களுக்கு ஒரு சுருள் என்றால் அவன் வாயிலிருந்து சுருளுக்கு மேல் சுருளாக வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு சொல்கிறான்.

"என்ன சொல்லுறானாம்?"

"தெரியாது."

"என்ன பாஷையில?"

வழிகாட்டி தோளைக் குலுக்கினார். "அதுவும் சரியாத் தெரியாது" என்றாள் மகள். "ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுவினம்."

நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைச் சொல்வதே என் வேலை. ஒருவன் இவ்வளவு சொல்லியும் அதில் ஒரு சொல்கூட வந்துசேரவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வழிகாட்டி மகளிடம் ஏதோ கேட்டார். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். அதற்கு இரண்டு வரி போதும் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. குரல் தணிந்தது. ஓரிடத்தில் தடுமாறிச் சொல் தேடினாள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார், ஒரு சாவுவீட்டில் பார்ப்பதுபோல.

"என்ன கேட்டவ?"

"அம்மா ஏன் பேச்சைப் பற்றியே கேக்கிறா, என்ன வேலை செய்யிறவ எண்டு கேட்டவ."

"அதுக்கு இவ்வளவு நேரமா? என்ன சொன்னனீ?"

"சாப்பிடேக்க சொல்லுறன்."

சாப்பாட்டுக்கடை வழிகாட்டியின் ஊரில், ஒரு வீட்டு முற்றத்தில் இருந்தது. கள்ளி மடலைச் சுட்டு, தேசிக்காய் பிழிந்து தந்தார்கள். வழிகாட்டி கடைக்காரியோடு பேச உள்ளே போனதும், நான் மகளைப் பார்த்தேன்.

"வெக்ஸ்போர்ட் பேஸ்மன்ற் ஞாபகம் இருக்கா? அதைத்தான் இவாவுக்குச் சொன்னனான்" என்றாள்.

மறக்க முடியுமா? அவளுக்கு ஏழு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் அங்கே ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அவளுடைய அப்பாவுக்குப் பின்னேர ஷிஃப்ற். எனக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. கதவைப் பூட்டிக்கொண்டு பேச உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றுதான் இருந்தது. அவளிடம் நிறம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்து ரீவிக்கு முன்னால் இருத்திவிட்டு உள்ளே போவேன்.

"நான் ரீவி பாக்கேல்லை, அம்மா. வெளியில கதவோட இருந்து கேட்டனான். நீங்கள் சொல்லுவீங்கள், 'நான் மூண்டு நாளாச் சாப்பிடேல்லை' எண்டு. 'என்ர மனுசன் எனக்கு அடிக்கிறவர்' எண்டு. இங்கிலிஷில. எனக்கு எல்லாம் விளங்கினது. நான் நினைச்சன், அது நீங்கள்தான் எண்டு."

என் கையிலிருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன்.

அந்த நாட்களில் அவள் தன் தட்டிலிருந்த கோழி இறைச்சியை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். சாப்பாட்டில் நொட்டை பிடிக்கிறாள் என்று நான் ஏசுவேன். கொஞ்சக் காலம் அப்பாவோடு முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தாள். மனுசன் கவலைப்பட்டு ஒரு பொம்மைகூட வாங்கிக் கொடுத்தார். அதைக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டாள். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குழப்படிகள் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்கள் கதவைப் பூட்டினனீங்கள். அப்ப அது சீக்ரெட் எண்டு நினைச்சன்."

"பிறகு எப்பிடித் தெரியும்?"

அவள் திடீரென்று சிரித்துவிட்டாள். "கிரேட் ஃபைவில ஒருநாள் என்னைப் பாக்க ஆளில்லாம கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். நான் பின் வரிசை வாங்கில இருந்தன். ஒரு பெரிய மீசைக்காரருக்குப் பக்கத்தில நிண்டு நீங்கள் 'மை வைஃப்' எண்டு சொன்னீங்கள். அப்பதான் விளங்கினது."

நானும் சிரித்தேன். சிரிப்பு வந்த அதே நேரம் கண்ணும் நிரம்பிவிட்டது. வழிகாட்டி மூன்று கோப்பையோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

மகள் கேட்டாள்: "அதில ஒண்டும் உங்கட கதை இல்லை எண்டு தெரிஞ்ச பிறகு எனக்கு இன்னொரு டவுட் வந்தது. அப்ப உங்கட கதை என்ன? நீங்களும் ரெஃப்யூஜியாத்தானே வந்தனீங்கள். எனக்கு ஒண்டுமே தெரியாது."

அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நானும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை, அதே பேச்சை அவளும் சொல்லலாம். ஆகவே சொன்னேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் நாலு பேராக இருந்த காலத்தில்தான் என் அகதி விசாரணை நடந்தது. ஊரில் சண்டைக்குள்ளே கடல்நீரேரியைப் படகில் கடந்து தப்பி வந்ததைச் சொல்லச் சொன்னார்கள். படகில் எனக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் இருந்தார். புறப்பட்டதிலிருந்து கரை சேரும்வரை என் கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. கரையில் இறங்கியதும் கையை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து போய்விட்டார். அவருடைய காப்பு அழுந்திய அடையாளம் இரண்டு நாள் என் கையில் இருந்தது. பயம் என்றால் எனக்கு அதுதான். இதை நான் விபரமாக, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். எனக்குப் பக்கத்தில் இருந்த உரைபெயர்ப்பாளர் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னது ஒரே வசனம்: படகில் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு ஆங்கிலம் அப்போதே எனக்குத் தெரியும். என்னை ஏற்றுக்கொண்டார்கள்தான். ஆனால் அந்தப் பெண் அந்த அறைக்குள் வரவே இல்லை. பிறகு நான் இந்த வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

மகள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "இவாவுக்குச் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"சொல்லு."

அவள் வழிகாட்டியின் பக்கம் திரும்பினாள். "யோ" என்று தொடங்கினாள். அதற்கு 'நான்' என்று பொருள் என்பதைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் சொல்ல எடுத்த நேரத்தைவிட அவளுக்கு அதிக நேரம் எடுத்தது. நடுவில் தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள். காப்பு என்பதற்கு ஸ்பானிஷ் சொல் வராமல் வழிகாட்டியின் கையிலிருந்த வளையலைத் தொட்டாள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் அவள் எதையும் விடவில்லை என்று தெரிந்தது.

வழிகாட்டி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொம்பிளையைப் பிறகு எப்பவாவது கண்டனீங்களா?" என்றாள் மகள்.

"இல்லை" என்றேன்.

திரும்பி வரும்போது நகரத்துக்கு வெளியே வாகனங்கள் நகராமல் நின்றன. மகள் என் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். படகில் எத்தனை பேர் இருந்தார்கள், மழை பெய்ததா, கையில் என்ன கொண்டுவந்தீர்கள், அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயதிருக்கும். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். முன்னாலிருந்த வழிகாட்டி வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.