எலிகளைத் துடைத்த அண்ணி

என் அண்ணி ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறவர். இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கழுவுறதில்ல, பராமரிக்கிறது" என்பார். மொத்தம் அறுபது எலிகள். முதுகை மழித்து, தினமும் காலையில் எஞ்சின் எண்ணெய் பூச வேண்டும். இரண்டு வருஷத்தில் புற்றுநோய்க் கட்டி வருகிறதா என்று பெரிய படிப்பு படித்தவர்கள் பார்ப்பார்கள்.

பிரார்த்தனை செய்யாமல் அண்ணி வேலையை விட்டுக் கிளம்ப மாட்டார். கண்ணை மூடினால் அந்த முதுகுகள்தான் தெரியுமாம். அதனால் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, வெந்நீரில் சோப்புத் துணியை நனைத்து அறுபதையும் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். கடவுள் கண்ணில் அது பட்டிருக்கும். ஆய்வுக்கூட அதிகாரி கண்ணில் படவில்லை.

இரண்டு வருஷம் முடிந்தது. ஒரு எலிக்கும் கட்டி இல்லை. எண்ணெய்க் கம்பெனி, எங்கள் அண்ணியின் அதிகாரிக்குப் பூங்கொத்து கொடுத்தது. அண்ணிக்கு, கூண்டுகள் சுத்தம் என்று பாராட்டுக் கடிதம்.

அண்ணன் வண்டிப் பட்டறையில் வேலை செய்கிறவர். அதே எண்ணெய்தான் முழங்கை வரைக்கும். அண்ணி பத்து வருஷம் கெஞ்சியதில், போன வருஷம்தான் அண்ணன் கையுறை மாட்ட ஆரம்பித்திருந்தார். எண்ணெய் பாதுகாப்பானது என்ற சான்றிதழை பட்டறை முதலாளி சுவரில் மாட்டிய அன்றே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டார்.

"உன் எலியே ஜம்முனு இருக்கு. அது என்ன கையுறையா மாட்டிச்சு?"

அண்ணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா, அறிக்கை அச்சாயிடுச்சு. எலிங்க நல்லாத்தானே இருக்கு? உனக்கு என்ன வருத்தம்?"

"எலிக்கு நான் இருந்தேன் சார். எங்க வீட்டுக்காரருக்கு?"

"வெளிய பேசினா வேலை போயிடும், பாத்துக்க."

அண்ணி நேரே பட்டறைக்குப் போய்ச் சான்றிதழுக்குக் கீழே நின்றார். "என்னங்க, அந்த எலிங்களுக்கு ஒண்ணும் ஆகாததுக்கு எண்ணெய் காரணம் இல்ல. தினமும் சோப்பு போட்டுத் துடைச்சது நான்தான்."

சுத்தியல் சத்தம் நின்றது. ஒரு மெக்கானிக், "அக்கா, அப்ப சாயங்காலம் வந்து எங்களையும் துடைச்சு விடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோப்பு கொண்டாந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பையில் இருந்தது.

அண்ணிக்கு வேலை போய்விட்டது. எலிகளைத் தேவைக்கு மேல் சுத்தமாக வைத்திருந்ததாகக் கடிதம் வந்தது. சான்றிதழைக் கழற்ற முதலாளிக்கு இன்னும் மனசு வரவில்லை. வேலை முடிந்ததும் அண்ணன் கழற்றும் கையுறை இப்போது அதே ஆணியில்தான் தொங்குகிறது.