தரை துடைக்கும் முதலாளி

அந்த வங்கிக் கிளையில் அவருக்கு 'நேர்மை சார்' என்று பெயர். மரியாதைக்காக வைத்த பெயர் என்று நீங்கள் நினைத்தால், வங்கிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்று அர்த்தம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்தது. கிளைக்கு ஒரு நெறிமுறை அதிகாரி கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. ஆளாளுக்கு அவசர வேலை முளைத்துவிட்டது. இவர் அன்றைக்குப் பல்வலி என்று விடுப்பு. வராதவர் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவர், தன் மேசைமேல் புதுப் பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

பதவி பெரியது, வேலை சின்னது. வாசலில் 'நேர்மையே எங்கள் மூலதனம்' என்ற பலகையைத் தூசி தட்டி வைக்க வேண்டும். பக்கத்திலேயே தொங்கும் புகார்ப் பெட்டியை மாதம் ஒருமுறை மேனேஜர் முன்னால் திறக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் அதிலிருந்து மிட்டாய்க் காகிதம் வந்திருக்கிறது, பழைய பேருந்துச் சீட்டு வந்திருக்கிறது, குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 'புகார் இல்லை' என்று பதிவேட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கிளையில் அவ்வளவு நேர்மை!

மனிதர் கெட்டவர் இல்லை. யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார், யாருக்காகவும் எழுந்து நின்று பேசவும் மாட்டார். வீட்டில் மனைவி, கல்லூரியில் மகள், ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தையும் இப்படியே வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்.

வங்கிகளைக் கண்காணிக்கும் ஆணையத்திலிருந்து அடுத்த மாதம் ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் வேலை, வேறு யார் தலையில், இவர் தலையில் விழுந்தது. அடுக்கிக்கொண்டே வந்தவர் ஒரு கம்பெனிக் கணக்கின் கோப்பைத் திறந்தார். கப்பல் சரக்கு வியாபாரமாம். கணக்கில் பணம் ஆறாக ஓடியிருந்தது. 'உண்மையான உரிமையாளர்' என்ற இடத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தவர், கோப்பை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார்.

படத்தில் இருந்த கப்பல் முதலாளி, அந்த நேரத்தில் அவர் காலடியில்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்குங்க சார்," என்றாள் முதலாளி.

தூக்கினார். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகத் தினக்கூலி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, மேனேஜர் உங்ககிட்ட ஏதாவது கையெழுத்து வாங்கினாரா?"

"ஆமா சார், ரெண்டு வருஷம் இருக்கும். வேலையை நிரந்தரம் பண்றேன்னு சொல்லி போட்டோவும் வாங்கிக்கிட்டாரு. பத்துப் பன்னெண்டு இடத்துல போட்டேன். ஏன் சார், ஆர்டர் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லக்கா," என்று கோப்பை மூடினார். விஷயம் விளங்கிவிட்டது. யாரோ பெரிய மனிதர் தன் பெயர் வெளியே வராமல் பணத்தைப் புரட்ட ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. மேனேஜர் ஊரெல்லாம் தேடாமல், கேள்வியே கேட்க மாட்டாள் என்று நம்பி, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவளைப் பிடித்துப் போட்டிருக்கிறார். நாளைக்கு விவகாரம் வெடித்தால் பெரிய மனிதர் வெளிநாட்டில் இருப்பார், மேனேஜர் மருத்துவ விடுப்பில் இருப்பார். உள்ளே போவது இவள்.

வீட்டில் சொன்னார். மனைவி சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போறதைப் பார்த்துக்கிட்டு நீங்க பென்ஷன் வாங்கப் போறீங்களா?"

"வேலை போயிடும்டி."

"போனா போகட்டும். ஒன்பது வருஷமா சும்மாதானே பெட்டியைத் திறந்து மூடினீங்க? ஒரு நாள் அதுக்குள்ள எதையாவது போடுங்க."

போட்டார். விவரத்தை இடது கையால் எழுதி, பெயரில்லாமல் பெட்டியில் போட்டார். அடுத்த திங்கட்கிழமை நல்ல பிள்ளையாக மேனேஜர் முன்னால் தானே பெட்டியைத் திறந்து, "அட, என்ன சார் இது!" என்று ஆச்சரியமும் பட்டார். மேனேஜர் படித்து முடிப்பதற்குள் பதிவேட்டில் 'புகார் எண் ஒன்று' என்று எழுதிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த பதிவேடு அது, கிழிக்க முடியாது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு புகாரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தலைமை அலுவலகமா, லேசுப்பட்டதா? பத்தே நாளில் பதில் வந்தது. 'தங்கள் கிளையின் நேர்மை உணர்வைப் பாராட்டுகிறோம்' என்று ஆரம்பித்திருந்தார்கள். வாடிக்கையாளரின் ரகசியம் வங்கிக்கு உயிர் என்றார்கள். இந்தக் கணக்கைப் பற்றி அதன் உரிமையாளரைத் தவிர வேறு எவரிடமும் மூச்சு விடக் கூடாது, ஆய்வாளர்கள் கேட்காததைச் சொல்லக் கூடாது, மீறினால் வேலை நீக்கம் என்றார்கள். புகார் முடித்துவைக்கப்பட்டது. கீழே ஐந்து பேர் கையெழுத்து, எல்லோரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்கள். நாசமாய்ப் போக!

அவருக்கு ஆத்திரமும் பயமுமாக வந்தது. மேனேஜர் வேறு தோளில் தட்டி, "ரூல் அப்படி சார், நாம என்ன பண்றது?" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. கடிதத்தை மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது ஒரு வரியில் கண் நின்றது. உரிமையாளரைத் தவிர வேறு எவரிடமும்.

உரிமையாளர் கழிப்பறை வாசலில் பக்கெட்டை அலசிக்கொண்டிருந்தாள். போய் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்காமல், ஜெயில் என்ற வார்த்தையையும் சேர்த்தே சொன்னார். அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"என் பேர்ல கப்பல் ஓடுதா? நான் பஸ்ஸுக்குக் காசில்லாம நடந்து வர்றேன் சார்."

"உங்க கணக்கு விவரம் முழுக்கக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆய்வாளர்கள் வர்ற அன்னிக்குக் கேளுங்க. பயமா இருக்கா?"

"இருக்கு. ஆனா நிரந்தரம்னு சொல்லி ஏமாத்தினதை நினைச்சா, பயத்தைவிடக் கோபம்தான் பெருசா இருக்கு."

ஆய்வாளர்கள் வந்தார்கள். மேனேஜர் அறையில் பழச்சாறு, பூங்கொத்து, குழைவு. பதினொரு மணிக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தானே மெழுகிய தரையில் நடந்துபோய், வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கவுண்டரில் சத்தமாகக் கேட்டாள்.

"என் கம்பெனிக் கணக்கு விவரம் முழுக்க வேணும். பணம் யாருகிட்டேருந்து வந்துது, எங்க போச்சு, எல்லாம்."

கவுண்டரில் இருந்தவன் விழித்தான். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் ஓடிவந்தார், பின்னாலேயே என்ன சத்தம் என்று பார்க்க மூத்த ஆய்வாளரம்மாவும் வந்தார். நேர்மை சார் எழுந்து நின்றார்.

"உரிமையாளர் கேட்டா குடுத்துதான் ஆகணும் சார். ரூல் அப்படி."

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. காகிதத்தைக் கொடுத்தால் பெரிய மனிதர் பெயர் வெளியே வரும், கொடுக்காவிட்டால் ஆய்வாளரம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். மனிதர் நிதானத்தை இழந்தார்.

"மேடம், நம்பாதீங்க! இவ இங்க தரை துடைக்கிறவ. இவளுக்கு எந்தக் கம்பெனியும் கிடையாது!"

"அந்தக் கணக்கோட கோப்பு எங்க?" என்று கேட்டார் ஆய்வாளரம்மா. நேர்மை சார் கோப்பைத் திறந்து, புகைப்படம் ஒட்டிய பக்கத்தை ஆய்வாளரம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், படத்துக்குக் கீழே 'உரிமையாளரை நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்ற வரியையும் அதன்கீழ் மேனேஜரின் கையெழுத்தையும் பார்த்தார். பிறகு தன் பேனாவை எடுத்து மேனேஜர் பக்கம் நீட்டினார்.

"இப்போ சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க."