கிளட்ச் அக்காவின் கைராசி

அந்தப் பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் அக்கா. வயது நாற்பத்து நான்கு. பதினாறு வருடங்களாக அங்கே இறங்கிய ஒவ்வொரு கியர்பாக்ஸையும் இறக்கியது அவள் கை, திரும்ப ஏற்றியதும் அவள் கை. பட்டறை அவளுடைய அப்பா கட்டியது. அப்பா போன பிறகு பாகப்பிரிவினை ஐந்து நிமிடத்தில் முடிந்தது: தம்பிக்குக் கடை, அக்காவுக்கு வேலை. "உனக்கென்னக்கா குறைச்சல், கடைசி வரைக்கும் உன் சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு" என்று தம்பி சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனைத் தங்கமான பிள்ளை என்றார்கள். நாள் முழுக்க காருக்கு அடியில் கழுத்து ஒடிய நிற்பவளுக்குச் சோறு போடுவதில் என்ன தங்கம் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பட்டறையின் பிழைப்பு, தெருவில் ஓடும் டர்போ கார்களுக்கு வேகம் கூட்டுவது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க கம்பெனி கொடுத்த சின்ன டர்போவைக் கழற்றிப் பெரியதைப் பூட்டுவார்கள். உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கப் பெரிய இன்டர்கூலர் வைப்பார்கள். பிறகு தம்பியின் மச்சான், மடியில் லேப்டாப்போடு முன்சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினின் கணினிக்குப் புதுக் கணக்கு எழுதுவான். எஞ்சின் வெறிபிடித்த மாதிரி இழுக்கும். அந்த இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச். பழைய கிளட்ச் அதற்குத் தாங்காது என்பதால் அதையும் மாற்றியாக வேண்டும். அதுதான் அவள் வேலை. எஞ்சினை ஏற்றுகிறவனுக்குக் கைதட்டு. கிளட்ச்சை மாட்டுகிறவளுக்குத் திட்டு.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பெரிய வேலை முடிந்த அன்றைக்கே காரை ரோலர் மேடையில் ஏற்றுவார்கள். சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல, கார் நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரின் முழு மிதியில் கத்தும். சொந்தக்காரர் கைப்பேசியில் படம் எடுப்பார். திரையில் வந்த குதிரைத்திறன் எண்ணைத் தாளில் அடித்து, அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சுவரில் ஒட்டுவார்கள். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வருவான்.

புது கிளட்ச் தட்டு அப்படிப்பட்ட தமாஷுக்குப் பிறந்ததல்ல. அதன் முகமும், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலின் முகமும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நகர நெரிசலில், மெதுவாக, நின்று நின்று, எண்ணூறு கிலோமீட்டர். அதற்கு முன்னால் முழு பலத்தைக் கொடுத்தால் தட்டின் முகம் வெந்து கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். பளபளத்த தட்டு எதையும் பிடிக்காது. தட்டு வந்த பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இது அச்சடித்திருக்கிறது. அந்தத் தாளைப் பட்டறையில் படித்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த நிலையில் ஒரு பல் டாக்டரின் கார் வந்தது. சிவப்பு நிறம், ஐந்து கதவு, குடும்பத்தோடு போகிற கார். டாக்டருக்கு அதில் பந்தயக் குதிரை வேண்டியிருந்தது. முதல் கிளட்ச் மாட்டியதும் அவள் சொன்னாள், எண்ணூறு ஓட்டிவிட்டு வரட்டும் என்று.

"எண்ணூறு கிலோமீட்டர் கழிச்சு வந்தா எவனுக்குக்கா ஆர்வம் இருக்கும்? சூடா இருக்கும்போதே பரிமாறணும்" என்றான் தம்பி. ஏற்றினார்கள். எண் வந்தது, படம் எடுத்தார்கள், தாள் ஒட்டினார்கள். பத்தாம் நாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் கத்த, கார் நகராமல் நின்றது. இரண்டாவது கிளட்ச்சிலும் அதே பேச்சு, அதே மேடை. இம்முறை ஆறே நாள்.

டாக்டர் வந்து கத்தினார். தம்பி அவரை உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான். தாழ்த்தியது அக்காவுக்குக் கேட்கிற அளவுக்குத்தான்.

"சார், சாமான்ல குறையில்ல. மச்சான் வேலையிலயும் குறையில்ல. சிலர் கை அப்படி. கூடப்பிறந்தவளாச்சேன்னு பார்த்துப் பார்த்து இத்தனை நாள் விட்டுட்டேன்."

"கைராசின்னு சொல்றீங்களா?" என்றார் டாக்டர். ஐந்து வருடம் படித்து, எலும்பையும் நரம்பையும் அறுத்துப் பார்த்த மனிதர். தலையை வேறு ஆட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். "என் கைக்கு ராசி இல்லேன்னா இந்தப் பதினாறு வருஷமா ஓடுற வண்டியெல்லாம் எவன் கையிலடா ஓடுது?"

"அதெல்லாம் அப்பா புண்ணியம்."

"ஓடினா அப்பா புண்ணியம், நின்னா என் கையா? நல்லா பங்கு பிரிக்கிற. உனக்கு அந்த வேலை நல்லாவே வரும்."

தம்பியின் முகம் சிவந்தது. "சரி, ஒரே பேச்சு. மூணாவதை நீ தொடக்கூடாது. ராசிக்காரர் மாட்டட்டும். அது தாங்குச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ முன்னாடி மேசையில உக்காந்து போன் எடு. கியர்பாக்ஸ் பக்கம் தலை வைக்கக்கூடாது."

"தாங்கலேன்னா?"

"தாங்கும்."

"தாங்கலேன்னா, எல்லார் முன்னாடியும் என் கை காரணமில்லேன்னு உன் வாயால சொல்லணும். அப்புறம் எந்த வண்டியும் எண்ணூறுக்கு முன்னாடி மேடை ஏறக்கூடாது. டாக்டர் சார், நீங்க சாட்சி."

தம்பி சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் கிரீஸ் கையாலேயே குலுக்கினாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். "எங்க தொழில்ல ராசி பார்க்க ஆரம்பிச்சா பத்தாவது மாடிக்காரன் படியேறியே செத்துருவான்" என்றான். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்: "தோத்தா உன் தம்பி ஒத்துக்குவான்னு நெனைக்கிறியா?"

"கண்ணு முன்னாடி நடக்கப்போவுது. எப்படி இல்லேன்னு சொல்வான்?"

"உனக்கு கியர்பாக்ஸ் தெரியும். உன் தம்பியை எனக்குத் தெரியும்."

ராசிக்காரர் என்பவர் பட்டறையின் பழைய ஃபிட்டர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அளந்து வேலை செய்கிறவர், அளந்துகூடப் பேசாதவர். எப்போதோ அவர் தொட்ட நான்கு வண்டிகள் வரிசையாக நன்றாக ஓடியதில் வந்த பட்டம் அது. அந்த நான்கும் எண்ணெய் மாற்ற வந்த வண்டிகள்.

மூன்றாவது கிளட்ச் மாட்டிய நாளில் அவள் காரைத் தூக்கி நிறுத்தியிருந்த லிஃப்ட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலை ஒன்பதிலிருந்து நின்றாள். ராசிக்காரர் தப்புச் செய்துவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. அவர் தப்புச் செய்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அவர் ஃப்ளைவீலின் முகத்தைத் தேய்த்துத் துடைத்தார். பழைய போல்ட்டுகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார். தட்டை நடுவில் நிறுத்தும் குச்சியைச் செருகி, தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஒவ்வொன்றும் அவளே செய்திருந்தால் எப்படியோ அப்படி.

ஒரே ஒரு இடம். கியர்பாக்ஸ் தண்டின் பற்களுக்குக் கிரீஸ் தடவிய கையோடு தட்டின் நடுத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தவர், தட்டின் முகத்தில் பட்டதைக் கவனிக்கவில்லை. நகம் அளவு கிரீஸ். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு நிமிடம் போனால் கியர்பாக்ஸ் மூடிவிடும், கிளட்ச் கட்டாயம் வழுக்கும், பந்தயத்தில் அவள் ஜெயித்தவள். யாரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

"அண்ணே, தட்டுல கிரீஸ் பட்டிருக்கு. கீழ்ப் பக்கம், நடு வளையம் ஓரமா. கழட்டித் துடைச்சிடுங்க."

ராசிக்காரர் விளக்கை அடித்துப் பார்த்தார். போல்ட்டுகளைத் தளர்த்தித் தட்டை எடுத்து, துணியை நனைத்து இரண்டு முறை துடைத்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பட்டறையில் அவளுக்கு அதுவரை கிடைத்த பெரிய பாராட்டு அது.

மாலை நான்கு மணிக்கு மேடை. டாக்டர் வந்திருந்தார், அவர் மனைவி வந்திருந்தார், தம்பியின் கூட்டாளிகள் இருவர் வந்திருந்தார்கள். மச்சான் லேப்டாப்பைத் திறந்து, "இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கேன் மாமா" என்றான். பட்டறைக்குள் எங்கே இவ்வளவு திமிர் கொட்டிக்கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதல் இழுப்பு தாங்கியது. தம்பி அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இரண்டாவது இழுப்பில் நான்காவது கியரில் முழு மிதி. எஞ்சினின் வேகம் காட்டும் முள் குதித்து ஏறியது. சக்கரத்தின் வேகம் ஏறவில்லை. திரையில் வரைந்துகொண்டிருந்த கோடு பாதியில் மடங்கி விழுந்தது. அப்புறம் வாடை வந்தது. ரப்பரும் மயிரும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு வாடை. டாக்டரின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். மச்சான் மிதியிலிருந்து காலை எடுத்தான்.

அவள் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "சொல்லுடா."

தம்பி ராசிக்காரரைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்த மூன்று பார்வைக்குள் அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

"காலையிலேர்ந்து நீ அங்கயே நின்னியே. கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே நின்னியே. வண்டி வெளங்கக்கூடாதுன்னு நெனைச்சுப் பார்த்தா எப்படிக்கா வெளங்கும்?"

"என்னது?"

"கை வைக்கலே. கண்ணு வச்சே. வேலை நடுவுல வாயும் வச்சே. அண்ணே, இவங்க நடுவுல பேசினாங்களா இல்லையா?"

ராசிக்காரர் வாயைத் திறந்தார். அந்தக் கிரீஸைப் பற்றிச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவள் பேசியிருக்காவிட்டால் குறை தன் கையில்தான் என்று ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது குறை அவள் கண்ணில் என்றால், தன் ராசி பத்திரமாக இருக்கும் என்பதும் தெரியும்.

"பேசினாங்க" என்றார், தரையைப் பார்த்து.

கூட்டாளிகளில் ஒருவன் 'ச்சு' கொட்டினான். டாக்டரின் மனைவி அவளிடமிருந்து ஓர் அடி விலகி, கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். கையைக் கட்டினால் கண், கண்ணைக் கட்டினால் மூச்சுக்காற்று; இவர்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே வராது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வயதுப் பிள்ளைகூடச் செய்து பார்த்த கணக்கை நம்பும். லாபம் பார்க்கிறவன் நம்பமாட்டான்.

"நாளையிலேர்ந்து மேசைக்கு வந்துடு" என்றான் தம்பி.

"நாளைக்கு நான் எங்கேயும் வரலே."

அவள் போல்ட்டுகளை அளந்து முறுக்கும் தன் டார்க் ரெஞ்சையும் தட்டை நடுவில் நிறுத்தும் குச்சிகளையும் பெட்டியில் அடுக்கினாள். அவை அவள் காசில் வாங்கியவை. டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"இந்தாம்மா, ஒரு நிமிஷம். எனக்கு வண்டி ஓடணும், அவ்வளவுதான். எண்ணூறுன்னு ஏதோ சொன்னீங்களே?"

"நீங்க பல்லு அடைக்கிறீங்க. அடைச்ச கையோட கல்லு மாதிரி முறுக்கைக் கடிச்சுக் காட்டச் சொல்லிப் படம் எடுப்பீங்களா?"

"எடுக்கமாட்டேன்."

"ஏன்?"

அவர் காதுமடல் சிவந்தது.

"வேற ஷெட்டுல நான் மாட்டித் தர்றேன். எண்ணூறு முடியிறவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கும். நானே ஓட்டுவேன், நெரிசல்ல. லேப்டாப்பு பக்கத்துல வரக்கூடாது."

டாக்டர் சாவியை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இல்ல, அந்தக் கண்ணு விஷயம்... என் ஒய்ஃப் கொஞ்சம்..."

"கண்ணை மூடிக்கிட்டு மாட்டச் சொல்றீங்களா? மாட்டறேன். அப்புறம் உங்க பல்லு நாற்காலியில நான் உக்கார்றேன், நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு டிரில்லைப் பிடிங்க."

டாக்டர் சாவியை அவள் கையில் வைத்தார். இழுவை வண்டிக்கு அவரே போன் போட்டார்.

"எந்த ஷெட்டுக்காரன் உனக்கு இடம் தர்றான்னு பார்க்கறேன்" என்று தம்பி வாசலிலிருந்து கத்தினான். அவள் தெருவுக்கு வந்து, கிளட்ச் சாமான் விற்கும் மொத்தக் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"அதே தட்டு, இருநூத்தி நாப்பது எம்.எம். அகலம், இருபத்து மூணு பல்லு. பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீல் போல்ட்டும் சேர்த்து அனுப்புங்க."

"தம்பிகிட்ட ஒரு நிமிஷம் போனைக் குடுங்கம்மா. அவர் சொன்னாத்தான் நாங்க ஆர்டர் எழுதுவோம்."

"பதினாறு வருஷமா உங்களுக்கு சாமான் நம்பர் சொன்னது யாரு?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீங்கதான்."

"அவன் ஒரு தடவையாவது பல்லு எத்தனைன்னு சொல்லியிருக்கானா?"

"இல்ல."

"அப்போ எழுதுங்க. இருபத்து மூணு பல்லு."

டாக்டர் கூப்பிட்ட இழுவை வண்டி தெருமுனையில் பட்டறைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. போனில் பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்கும்வரை அவள் வைக்கவில்லை.